பாங்காக் உணவுக் கண்காட்சிக்கு ஒரே ஒரு நாள்: எதைப் பார்க்க, எதை ருசிக்க, எதை வாங்க?

சாயல்குடிப் பனங்காட்டான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற மே மாசக் கடைசியில பாங்காக் போறேன். சித்தப்பா மகன் அங்க ஓட்டல் வேலையில இருக்கான், அவனைப் பார்க்கத்தான் பயணம். அதே வாரம் அங்க தாய்ஃபெக்ஸ்னு ஒரு பெரிய உணவுக் கண்காட்சி நடக்குதாம். ஆசிய நாட்டுக்காரங்க எல்லாரும் கடை போடுவாங்களாம். எனக்குச் சனிக்கிழமை ஒரு நாள்தான் அதுக்குன்னு கிடைக்கும்.

நாங்க கருப்பட்டி காய்ச்சுற குடும்பம். அப்பாவுக்கு 61 வயசு, இன்னும் மரம் ஏறுறார். நான் ரெண்டு வருஷமா கருப்பட்டியைப் பாக்கெட் போட்டு ஆன்லைன்ல விக்கிறேன். வெயில் காலத்துல நல்லாப் போகுது. ஐப்பசி மழை வந்துட்டா பாக்கெட்டுக்குள்ளயே கசிஞ்சு ஒட்டிக்குது, வாங்கினவங்க போட்டோ எடுத்து அனுப்புறாங்க. வெளிநாட்டுக்காரங்க இதுக்கு என்ன பண்றாங்கன்னு நேர்ல பார்க்கணும். கொஞ்சம் மாதிரிக்குக் கொண்டு போனா யாராவது வாங்குவாங்களான்னும் ஒரு நினைப்பு.

நம்ம பக்கத்து ஆளுக யாராவது போயிருக்கீங்களா? ஒரு நாள்ல என்ன பார்க்க முடியும்? என்ன சாப்பிட்டுப் பார்க்கணும்? வெளிநாட்டுப் பயணம் இதுதான் எனக்கு முதல் தடவை, அதனால சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க.

கீழக்கரைத் தொதல் லாத்தா எழுதியது:

தம்பி, நான் போயிட்டு வந்தவ. 2024 ஜூன் 1, சனிக்கிழமை. அந்த வருஷம் மே 28-ல ஆரம்பிச்சு அன்னைக்கோட முடிஞ்சது. முதல் நாலு நாளும் வியாபாரிகளுக்கு மட்டும். கடைசி நாள்தான் நம்மளை மாதிரி சனங்களை உள்ள விடுவாங்க, சில்லறையாவும் விப்பாங்க. அதனால உங்களுக்குச் சனிக்கிழமை கிடைச்சது நல்லதாப் போச்சு.

நான் வீட்டுல தொதல் கிண்டி விக்கிறேன். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டுற, அல்வா மாதிரி ஒரு இனிப்பு. எங்க ஊர்ல கல்யாண வீட்டுக்கும், சபுராளிக, அதாவது வெளிநாட்டுல பிழைக்கிறவங்க, திரும்பிப் போகும்போது பெட்டியில வைக்கவும் தொதல் இல்லாம ஆகாது. எங்க பெரிய காக்கா, அதாவது அண்ணன், பாங்காக்ல ரத்தினக் கல் வியாபாரம் பண்றாங்க. வருஷக்கணக்கா வா வான்னு கூப்பிட்டு, பேரப்பிள்ளைப் பேறுக்குத்தான் போக வாய்ச்சது. அந்தச் சனிக்கிழமை காக்கா கடையை மூடிட்டு என்னைக் கூட்டிப்போனாங்க.

இடத்து பேரு இம்பாக்ட், முவாங் தோங் தானி. பாங்காக்குக்கு வடக்கே, நொந்தபுரி மாகாணத்துல இருக்கு. 3,000-க்கும் மேல கம்பெனிக கடை போட்டிருந்தாங்க. ஒரு மண்டபத்தைச் சுத்தி முடிச்சா அடுத்த மண்டபத்துக்குக் கதவு திறந்திருக்கு, அதுக்கு அந்தாண்ட இன்னொண்ணு. முதல் ஒரு மணி நேரத்தை நான் வீணாக்கிட்டேன். கொரியாக்காரங்க குச்சியில குத்தி ஒண்ணு நீட்டினாங்க, வாங்கிட்டேன். அடுத்த கடையில மிளகாய்ச் சாஸ் தொட்டு ஒண்ணு. அப்புறம் பால் போட்ட தேத்தண்ணி, டுரியான் ஐஸ், வறுத்த கடல்பாசி. பதினொன்றரை மணிக்கெல்லாம் நாக்கு மரத்துப்போய் எது எப்படி இருக்குன்னே தெரியல. காக்கா என்னை ஓரமா உட்கார வச்சு வெறும் தண்ணி வாங்கிக் கொடுத்து, "நீ எதுக்கு வந்தே, தொதலுக்குத்தானே? அதை மட்டும் தேடு"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கப்புறம்தான் எனக்கு அந்த நாளே ஆரம்பிச்சது. நீங்க வாசல்ல நுழையும்போதே பனையை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு நுழையுங்க. இனிப்பு, காரம், புளிப்பு எல்லாத்தையும் கலந்து வாயில போட்டா உங்க கருப்பட்டியை எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறதுன்னு நாக்குக்குத் தெரியாது.

தொதலைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், அதுல உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு.

தாய்லாந்துல கலமேன்னு ஒரு இனிப்பு. வடகிழக்கே நக்கோன் பனோம் பக்கத்துக்காரங்க ஒரு சின்ன மேசை போட்டிருந்தாங்க. என் வயசுப் பொம்பளை ஒருத்தர், தலையில துணி கட்டி நின்னுக்கிட்டு இருந்தார். வாழையிலையில விரல் நீளத்துக்குக் கட்டி வச்சிருந்த பொட்டலத்தைப் பிரிச்சு ஒண்ணு கொடுத்தார். கன்னங்கரேல்னு இருந்துச்சு. விரலால அமுக்கினேன், அமுங்கின இடம் மெதுவா மேல வந்துச்சு. நம்ம தொதலை அமுக்கினா குழி அப்படியே நிக்கும், விரல்ல நெய்யும் தேங்காய் எண்ணெயும் பளபளன்னு ஒட்டும். இதுல விரல் லேசா மினுங்குச்சு, அவ்வளவுதான். வாயில போட்டா முதல்ல தேங்காய்ப்பால், அதுக்குப் பின்னால மெல்லிசா ஒரு புகை வாசம். விறகடுப்புப் புகைன்னு நினைச்சேன். காக்கா அவங்க பாஷையில கேட்டுச் சொன்னாங்க: தேங்காய் மட்டையைச் சுட்டுக் கருக்கி, தண்ணியில கரைச்சு வடிகட்டி, அந்தக் கருப்புத் தண்ணியைச் சேர்ப்பாங்களாம். நிறமும் வாசமும் அதுலதான். மாவு, நம்ம பச்சரிசி இல்ல, வேக வச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற ரகத்து அரிசி. இழுவை அதனாலதான்.

நான் துடுப்புப் போடுற மாதிரி ரெண்டு கையையும் சுத்திக் காட்டி, எத்தனை மணி நேரம்னு விரல்ல கேட்டேன். அவங்க நாலு விரலைக் காட்டினாங்க. எங்க வீட்டுலயும் நாலு மணி நேரம்தான். அப்புறம் அவங்க தன்னோட வலது தோள்பட்டையைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சாங்க. எனக்கும் அந்தத் தோள்தான் வலி. கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னோம். எங்க உம்மா கிண்டும்போது உருளிக்கிட்ட உட்கார்ந்து "எண்ணெய் பிரிஞ்சு ஓரம் விட்டுச் சுருண்டு வருதான்னு பாரு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதே பக்குவத்தை அந்தப் பொம்பளையும் கையால வளைச்சுக் காட்டினாங்க.

மலேசியாக்காரங்க கடையில தொதலுக்குப் பேரே தொதோல். அவங்களும் ஒட்டுற அரிசி மாவு, தேங்காய்ப்பால், மலாக்காப் பக்கத்துக் கருப்பு வெல்லம்தான் போடுறாங்க. இந்தோனேசியாவுல காருத் ஊர்த் தொதோலுக்குப் பெரிய பேர். இலங்கையில அம்பாந்தோட்டைப் பக்கம் களு தொதோல், கோவாவுலயும் தொதோல். கப்பல் போன துறைக்கெல்லாம் இந்த இனிப்பும் போயிருக்கு. கீழக்கரைக்கு இது எப்ப வந்துச்சோ, எங்களுக்கு அது ஊர்ப் பண்டம்தான். ஆனா அன்னைக்கு அந்தக் கடை முன்னால நின்னப்ப, தூரத்துச் சொந்தக்காரங்க வீட்டுக்கு முதல் தடவையா வந்த மாதிரி இருந்துச்சு.

அங்க நான் பார்த்துக்கிட்டு நின்னது ருசியை இல்ல, துண்டை. மிட்டாய் அளவுக்கு ஒவ்வொண்ணையும் தனித்தனியாச் சுத்தி, ஒரு பாக்கெட்டுல 24 துண்டு. நான் அரைக் கிலோ, ஒரு கிலோன்னு கட்டியா வெட்டிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். அதை வாங்கிட்டுப் போற பிள்ளைக துபாய் ரூம்ல வெட்டக் கத்தி தேடும். வெட்டினா கத்தியில பாதி ஒட்டும். திறந்து வச்சா பத்துப் பதினஞ்சு நாள்ல சிக்கு வாடை வந்துடும். ருசியில நம்ம தொதல் ஒரு படி மேலதான், அதை நான் எங்கயும் சொல்லுவேன். எடுத்து வாயில போடுற வசதியிலதான் நாம தோத்துப்போறோம்.

அதுக்கு வழி வியட்நாம்காரங்க கடையில கிடைச்சது. பென் த்ரேன்னு ஒரு ஊர், தென்னைக்குப் பேர் போனது. அங்கருந்து தேங்காய் மிட்டாய். மேல் காகிதத்தைப் பிரிச்சா உள்ள கண்ணாடி மாதிரி இன்னொரு தாள் ஒட்டியிருந்துச்சு. நான் நகத்தால உரிக்கப் பார்த்தேன். கடைப் பிள்ளை வேண்டாம் வேண்டாம்னு கையாட்டி, அப்படியே வாயில போடச் சொல்லிக் காட்டுச்சு. போட்டேன். நாக்குல பட்டதும் தாள் கரைஞ்சே போச்சு. அரிசித் தாள், தம்பி! சாப்பிடற தாள். பிசுபிசுன்னு இருக்கிற மிட்டாய் மேல் காகிதத்துல ஒட்டாம இருக்க உள்ளுக்குள்ள அதைச் சுத்துறாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இத்தனை வருஷமா ஒட்டுது ஒட்டுதுன்னு நான் பட்ட பாட்டுக்கு ஒரு தாள்!

கேட்டு ஒரு சின்னக் கட்டு வாங்கிட்டு வந்தேன். ஊர்ல முதல் தடவை சூட்டோட சுத்தினேன், தாள் கஞ்சியாப் போச்சு. தாம்பாளத்துல ஊத்தி ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் துண்டு போட்டு, துண்டு மேல இருக்கிற எண்ணெயை மெல்லிசுத் துணியால ஒத்தி எடுத்துட்டுச் சுத்தினேன். நின்னுச்சு. இப்ப 20 கிராம் துண்டாத்தான் கொடுக்கிறேன்.

இனி உங்க விஷயம். பெட்சபுரின்னு ஒரு மாகாணம், பனைக்குப் பேர் போன இடம். அவங்க கடைக்குப் பின்னால பெரிய படம் மாட்டியிருந்தாங்க. வயல் வரப்புல வரிசையாப் பனை. நம்ம மரமேதான், வேற சாதி இல்ல. சாயல்குடி ரோட்டுல எடுத்த படம்னு சொன்னா எங்க ஊர்ல யாரும் மறுக்க மாட்டாங்க. அங்கயும் பாளையை இடுக்கி, நுனியைச் சீவிப் பதநீர் வடிக்கிறாங்க. நம்ம ஆளுக கலயம் கட்டுற இடத்துல அவங்க மூங்கில் குழாய் கட்டுறாங்க. நாம கள்ளாயிடாம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவுறோம், அவங்க பயோம்ங்கிற மரத்தோட சிராய்த் துண்டுகளைக் குழாய்க்குள்ள போடுறாங்க. அந்தத் துவர்ப்பு புளிக்க விடாதாம். கடைக்காரர் ஒரு குழாயும் நாலு மரத்துண்டும் மேசை மேல வச்சிருந்தார். ஒரு துண்டை மோந்து பார்த்தேன், காஞ்ச மரப்பட்டை வாசம். உங்க அப்பா இதைக் கையில எடுத்துப் பார்க்கணும்னு இப்ப எழுதும்போது தோணுது.

அவங்க பனஞ்சீனியைச் சாப்பிட்டுப் பார்த்தேன். நிறம் வெளுத்த மஞ்சள், பால்கோவா மாதிரி இளகி இருந்துச்சு. நம்ம கருப்பட்டியில இருக்கிற கருகல் வாசமும் சுண்ணாம்புக் காரமும் இல்ல. தேத்தண்ணிக்கு நம்மதுதான். ஆனா தேங்காய்ப்பால் ஊத்தின இனிப்புக்கு அவங்களோடது நல்லா இருக்கும். நீங்க கேட்ட கசிவு விஷயத்துல அவர் சொன்னதைக் கவனமாக் கேட்டுக்குங்க. கரும்புச் சீனி கலந்தது கெட்டியா, அச்சு மாறாம நிக்குமாம். சுத்தமானது இளகும், தண்ணி விடும். அங்கயும் நம்ம ஊரைப் போல சீனி கலந்து விக்கிறவங்க நிறைய இருக்காங்களாம். அதனால சுத்தமானதை அவங்க கட்டியா வச்சுப் போராடல. அகலவாய் டப்பாவுல பசையாவே ஊத்தி, மூடி அமுக்கி, கரண்டியால எடுத்துக்கச் சொல்லி விக்கிறாங்க. நீங்க கோடையில சில்லுக் கருப்பட்டியும், மழைக்காலத்துல டப்பாவுல பாகுமா விக்கலாமேன்னு எனக்குத் தோணுச்சு. முடிவு உங்களோடது, தொழில் தெரிஞ்சவங்க நீங்க.

அந்தக் கடைக்குப் போனா 'கனோம் தான்'ங்கிற பலகாரம் இருக்கான்னு கேளுங்க. பனம்பழச் சதையைப் பிழிஞ்சு மாவோட சேர்த்து ஆவியில வேக வச்சது, மஞ்சளா இருக்கும், மேல தேங்காய்த் துருவல். நாம பனம்பழத்தைச் சுட்டுத் தின்னுட்டுக் கொட்டையைக் கிழங்குக்குப் புதைக்கிறோம். அவங்க அதையே பணியாரமா விக்கிறாங்க.

வாங்கினது: கலமே 4 பொட்டலம், தொதோல் 3 பாக்கெட், தேங்காய் மிட்டாய், பனஞ்சீனி 1 டப்பா, மீன் சாறு 2 பாட்டில். மீன் சாறுன்னா நெத்திலியும் உப்பும் மட்டும் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஊறவச்சு வடிச்சது. காயவச்ச நெத்திலியைத்தான் நமக்குத் தெரியும், அதை இப்படி ஒரு சொட்டுல அடக்கலாம்னு அங்கதான் பார்த்தேன். ஒரு கரண்டி ஆணத்துல, அதாவது குழம்புல, விட்டா போதும். ஆனா ஒரு பாட்டில் பெட்டிக்குள்ள உடைஞ்சு, புதுச் சேலை ரெண்டும் போச்சு. எத்தனை துவைப்புக்கும் வாடை போகல. பாட்டில் வாங்கினா மூடி மேல டேப் ஒட்டி, ரெண்டு பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டி, பெரிய பெட்டியில போடுங்க. கைப்பையில 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க.

நம்ம முஸ்லிம் பிள்ளைக யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை. தாய்லாந்து ஹலால் முத்திரை வைரக்கல் வடிவத்துல இருக்கும். மலேசியாவோடது வட்டம், நடுவுல எட்டுமுனை நட்சத்திரம். இந்தோனேசியாவோட புது முத்திரை ஊதா நிறம். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ மாதிரி மெத்துனு எதைக் கொடுத்தாலும் முத்திரையைப் பார்த்துட்டு வாயில வைங்க. குச்சியில நீட்டும்போது பாக்கெட்டைக் கேட்டா யாரும் கோவிச்சுக்கல, எடுத்துக் காட்டினாங்க.

மஹேசக் ரோட்டுக் கல் வியாபாரி எழுதியது:

லாத்தா எழுதினதைப் படிச்சிட்டு நோன்புக் கஞ்சி குடிச்ச மாதிரி இருக்கு. நானும் கீழக்கரைதான், 19 வருஷமா இங்க பாங்காக்ல. தம்பிக்குப் போக்குவரத்தும் வியாபாரமும் மட்டும் சொல்றேன்.

லாத்தா வந்தப்ப ரயில் இம்பாக்ட் வாசல் வரைக்கும் வராது, ஸ்டேஷன்ல இறங்கி டாக்ஸியோ வேனோ பிடிக்கணும். இப்ப அது தேவையில்ல. பிங்க் லைன் மோனோரயில்ல இருந்து முவாங் தோங் தானிக்குள்ளயே ஒரு கிளை 2025-ல திறந்துட்டாங்க, இம்பாக்ட் பேருலயே ஸ்டேஷன் இருக்கு. பச்சை லைன் ரயில்ல வந்தா வாட் பிரா ஸ்ரீ மகாதாட் ஸ்டேஷன்ல பிங்க் லைனுக்கு மாறிக்கங்க. விமானம் டான் முவாங்ல இறங்கினா கண்காட்சி இடம் பக்கம், சுவர்ணபூமின்னா தூரம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல கூட்டம் நெரியும், காலையில 10 மணிக்குத் திறக்கும்போதே வாசல்ல நில்லுங்க.

2025 மே 1-ல இருந்து தாய்லாந்து வர்ற வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் வருகை அட்டையை ஆன்லைன்ல நிரப்பணும், விமானம் இறங்குறதுக்கு முன்னால மூணு நாளைக்குள்ள. அதுக்குக் காசு கிடையாது. அரசாங்கத்துத் தளத்துலயே பண்ணுங்க. காசு கேட்கிற தளத்துல எங்க ரூம் பையன் ஒருத்தன் ஏமாந்தான். மணி இங்க நம்ம ஊரைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால, அதையும் நினைவுல வச்சுக்கங்க.

கருப்பட்டி மாதிரி கொண்டு வர்றது பத்தி. சனிக்கிழமை கடையில நிக்கிறது பெரும்பாலும் வித்துக்கொடுக்கிற பிள்ளைக. மொத்தமா வாங்குற ஆளுக வியாபாரி நாளுகள்லயே பேசி முடிச்சுட்டுப் போயிருப்பாங்க. வெள்ளிக்கிழமை அரை நாள் கிடைச்சாலும் முன்னாடியே வியாபாரியாப் பேர் பதிஞ்சுட்டு வாங்க. விசிட்டிங் கார்டு அடிச்சுக்கங்க, இங்கிலீஷ்ல. பேச்சு முன்னேறினா முதல்ல கேட்கிறது ஐஇசி நம்பர் (ஏற்றுமதி, இறக்குமதி பண்ண நம்ம அரசாங்கம் கொடுக்கிற எண்), அப்புறம் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், அப்புறம் லேப் ரிப்போர்ட். ஐஇசிக்கு 500 ரூபாய்தான், வீட்டுல உட்கார்ந்தே எடுக்கலாம். அது இல்லாம மாதிரி மட்டும் கொடுத்தா ருசிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க, அதோட முடிஞ்சுடும். நல்ல சரக்கோட வந்து காகிதம் இல்லாமத் திரும்பிப் போன நம்ம ஆளுகளைப் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ஞாயித்துக்கிழமை நேரம் இருந்தா ஓர் தோர் கோர் மார்க்கெட்டுக்குப் போங்க, கம்பெங் பெட் ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு. நுங்கைச் சீனிப்பாகுல போட்டு வச்சிருப்பாங்க. உங்க கண்ணுக்கு அது வேற மாதிரி தெரியும்.

மண்டபத்துப் பாசி வீடு எழுதியது:

அக்கா வறுத்த கடல்பாசின்னு ஒரு வரியில தாண்டிட்டாங்க. எங்க அம்மா பாசி கட்டுறவங்க, அதனால எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியல.

அந்தக் கண்காட்சியில பாசின்னா எல்லாரும் பார்க்கிறது கருப்புத் தாள் மாதிரி வறுத்தது. நம்ம மண்டபம், பாம்பன் பக்கம் வளர்க்கிறது அது இல்ல. கப்பாபைகஸ்னு ஒரு பாசி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில கயிறு கட்டி, ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி முடிஞ்சு கடல்ல விடுவாங்க. 45 நாள்ல அறுவடை. அம்மா இடுப்பளவு தண்ணியில நின்னு முடியுறதைச் சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன். காயவச்ச பாசியை ஏஜெண்ட் எடைபோட்டு வாங்கிட்டுப் போயிடுவார். அதுக்கப்புறம் அது என்ன ஆகுதுன்னு எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது.

அதுல இருந்து கராஜினன்னு ஒரு பொருள் எடுக்கிறாங்க. ஐஸ்கிரீம், சாக்லேட் பால், ஜெல்லி எல்லாத்துலயும் கெட்டியாகறதுக்குச் சேர்ப்பாங்க. லேபிள்ல அதோட எண் 407. அண்ணா, நீங்க ஒரு பால் பாக்கெட்டையோ ஜெல்லி டப்பாவையோ கையில எடுத்தா பின்னால திருப்பி 407 இருக்கான்னு பாருங்க. 406-னு இருந்தா அது அகர், நம்ம கஞ்சிப்பாசி வகை. நோன்பு நேரத்துல லாத்தா வீட்டுல பாலும் சீனியும் போட்டு உறைய வைக்கிற கடல்பாசியும் அந்தச் சாதிதான். போன மாசம் நான் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல 407-ஐக் காட்டினேன். அம்மா அந்த எண் மேல விரலை வச்சுத் தடவிப் பார்த்தாங்க. கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு.

எந்த நாட்டுக்காரங்க எந்தப் பண்டத்துல போட்டிருக்காங்கன்னு நாலஞ்சு போட்டோ எடுத்துட்டு வந்து இங்க போடுங்க. அம்மாகிட்டக் காட்டணும்.

சாயல்குடிப் பனங்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. 407 கட்டாயம் பார்த்து எடுத்துட்டு வர்றேன். ஐஇசிக்கு இன்னைக்கே விண்ணப்பம் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு கேட்கச் சொல்லிச் சித்தப்பா மகன்கிட்டப் பேசியிருக்கேன்.

லாத்தா அக்கா எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். சுண்ணாம்புக்குப் பதிலா மரத்துண்டுன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். ராத்திரி சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். "அவன் காலையில எத்தனை மணிக்கு இறக்குறான், ஒரு நாளைக்கு எத்தனை தரம் சீவுறான், அந்தத் துண்டை எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாத்துறான், கேட்டுட்டு வா"ன்னார். அவர் எதையும் எங்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னதே இல்ல. எனக்குப் பாஷை தெரியாது, சித்தப்பா மகனுக்கும் ஓட்டல் வேலைக்கு வேண்டிய அளவுதான் தெரியும். எப்படிக் கேட்கிறது?

கீழக்கரைத் தொதல் லாத்தா எழுதியது:

பாஷைக்குக் கவலைப்படாதீங்க தம்பி. அப்பா மரத்துல இருக்கும்போது போட்டோ எடுங்க. பாளையை இடுக்குற கடிப்பு, பாளை அரிவாள், இடுப்புல கட்டுற பெட்டி, சுண்ணாம்பு தடவின கலயம், காய்ச்சுற தாச்சி, எல்லாத்தையும் கிட்டப் போய்த் தனித்தனியா எடுங்க. அரிவாள் முனை தெளிவாத் தெரியணும். போன்ல வேண்டாம், படமா பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க, கையில கொடுத்தாத்தான் அவங்க உட்கார்ந்து பார்ப்பாங்க. நான் துடுப்பைச் சுத்திக் காட்டின மாதிரி அரிவாள் படத்தைக் காட்டினா அவங்க தன் அரிவாளைக் காட்டுவாங்க. எத்தனை தரம்னு விரல்ல கேட்கலாம், மணியைக் கடிகாரத்துல காட்டலாம். மரத்துண்டு ரெண்டு மூணு கேட்டுப் பாருங்க, காஞ்சதா, பட்டை உரிச்சதா. கொடுத்தாங்கன்னா இங்க வந்து இறங்கினதும் கஸ்டம்ஸ்ல காட்டி, அவங்க சரின்னா வெளிய எடுத்துட்டு வாங்க. விதை, செடி, பச்சைப் பழம் எதையும் பெட்டியில வைக்காதீங்க, அதுக்கு முன் அனுமதி வேணும்.

அப்பாவுக்கு அந்தப் பனஞ்சீனி ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க. அவர் நாக்கு என்ன சொல்லுதுன்னு எனக்கும் எழுதணும்.

எனக்கு ஒரு உதவி. என்கிட்ட இருந்த அரிசித் தாள் தீரப்போகுது. சென்னையில கிடைக்கிறது கொஞ்சம் தடிப்பு, நாக்குல கரைய நேரமாகுது. வியட்நாம் கடைகள் இருக்கிற பக்கம் தேங்காய் மிட்டாய்க்காரங்களைத் தேடி ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க, காசை முன்னாடியே அனுப்பிடறேன். சுருட்டி வைக்காதீங்க, உடைஞ்சிடும். ரெண்டு அட்டைக்கு நடுவுல தட்டையா வச்சு, சட்டைகளுக்கு மத்தியில போடுங்க. மீன் சாறு இருக்கிற பெட்டியில மட்டும் வேண்டாம்.